முடியாது சாரின் நாற்பத்தொன்றாம் பக்கம்

ஒரு பொருள் எதற்கு உதவாது என்று கேட்டு வாங்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் முடியாது சார்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் குடை வாங்கப் போனோம். முதல் கடைக்காரர் இந்தக் குடை மழைக்குத் தாங்கும், வெயிலுக்குத் தாங்கும், பேரப்பிள்ளை வரைக்கும் வரும் என்றார். சார் குடையைக் கீழே வைத்தார். மழையில் இறங்கி நடந்தார். நானும் நனைந்தேன். அடுத்த கடையில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார்.

“பாய், இது எதுக்கு ஒதவாது?”

பாய் சாரைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“காத்து அடிச்சா திரும்பிக்கும் சார். கம்பி துரு புடிக்கும்.”

சார் இரண்டு குடை வாங்கினார். ஒன்று எனக்கு.

அவருக்கு வேறு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் எதை எழுதினாலும் கடைசியில் ஒரு தலைப்பு போடுவார். ‘இதனால் முடியாதவை.’ அது இல்லாமல் அவருக்கு எழுத வராது. அதனால் அந்தப் பெயர். மீஞ்சூர்க்காரர். ஒல்லி. சட்டைப் பையில் ஒரு பேனா, ஒரு பென்சில். சரி செய்யக்கூடிய குறை என்றால் பென்சிலால் எழுதுவார். சரியானதும் அவரே ரப்பர் போட்டு அழிப்பார். இது சரியாகவே ஆகாது என்று தெரிந்தால் பேனா. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் ஆறாவது வரை படித்தவன். இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக்கும் ரோலிங் மில்லில் எட்டு வருடம் இருந்தேன். வலது கையில் இரண்டு விரல் அங்கே போயிற்று. பிறகு இந்தக் கம்பெனியில் ஆபீஸ் பாய் வேலை கிடைத்தது. அப்போது எனக்கு வயது நாற்பது. டீ, ஜெராக்ஸ், தபால், சாவி. உட்கார்ந்து செய்யும் வேலை. நெருப்பு இல்லை. அதைவிட எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

தொழிற்பேட்டையில் ஒரு நீளக் கொட்டகை. அதில் மூன்று கம்பெனி. ஒன்றில் வால்வு செய்தார்கள். ஒன்றில் அட்டைப்பெட்டி. நடுவில் நாங்கள். செல்போனுக்குள் ஓடும் சாஃப்ட்வேர் எழுதினார்கள். இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில். பையன்களும் பெண்களுமாகச் சென்னையிலிருந்து ரயிலில் வருவார்கள். இந்த இடத்தில் ஏன் இந்தக் கம்பெனி என்று யாராவது கேட்டால் இங்கே அமைதியாக இருக்கும் என்பார் மேனேஜர். அவர் சொல்வது காதில் விழாது. சுவருக்கு அந்தப் பக்கம் வால்வைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் புகைத் தூசி படிந்திருக்கும். விரலால் பெயர் எழுதலாம்.

மற்றவர்கள் சாஃப்ட்வேர் எழுதினார்கள். அவர்கள் எழுதியதைப் பற்றி சார் எழுதினார். அதுதான் அவர் வேலை. மற்ற நேரத்தில் ஆபீஸில் இருந்த எல்லாவற்றையும் பற்றி எழுதினார்.

பிளாஸ்க்கில் ஒரு காகிதம் ஒட்டியிருப்பார். ‘இதனால் முடியாதவை: பதினொரு மணிக்கு மேல் சூடாக வைத்திருப்பது.’ மின்விசிறிக்கு ஒரு காகிதம். ‘மூன்றுக்கு மேல் சுற்றுவது. ஐந்தில் வைத்தால் சத்தம் மட்டும் கூடும்.’ கக்கூஸ் தாழ்ப்பாளுக்கு ஒன்று. அதை இங்கே எழுத வேண்டாம்.

வாட்ச்மேன் ஆந்திர எல்லையில் இருக்கும் ஆரம்பாக்கத்துக்காரர். எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். அவர் நாற்காலிக்கு மேலேயும் ஒரு காகிதம் வந்தது. சண்டை வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவருக்குத் தமிழ் படிக்க வராது. என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

‘இவரால் முடியாதவை: மதியம் இரண்டு முதல் நான்கு வரை விழித்திருப்பது. பூனையைத் தடுப்பது. மேனேஜரின் மச்சானைத் தடுப்பது.’

வாட்ச்மேன் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னப் பத்தி பேப்பர்ல எழுதிக்கீறாரா நைனா?”

“எழுதிக்கீறாரு.”

ஒரு ஜெராக்ஸ் கேட்டார். வீட்டில் காட்ட எடுத்துப் போனார். அதற்கு முன் ஒளிந்து தூங்கியவர், மறுநாளிலிருந்து கேட்டுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்தார். மேனேஜர் எழுப்பினால் காகிதத்தைக் காட்டுவார்.

மேனேஜர் நாற்காலியிலும் சார் ஒன்று ஒட்டினார். ‘இதனால் முடியாதவை: பின்னால் சாய்வது.’ வந்தவர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். மேனேஜர் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். மறுநாள் போனில் பேசிக்கொண்டே பின்னால் சாய்ந்தார். நான் டீ கொண்டு போனபோது மேஜைக்கு மேல் அவருடைய இரண்டு ஷூ மட்டும் தெரிந்தது. தூக்கி விட்டேன். சார் வாசலில் நின்று பார்த்தார். “பேப்பரத்தான் சார் கிழிச்சீங்க” என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

எனக்கும் ஒரு காகிதம் இருந்தது. சாவிப் பெட்டியின் கதவில் உள்பக்கம். ‘ஏழுமலை. இவரால் முடியாதவை: ஒன்று, ஆங்கிலம். இரண்டு, வேகமாக நடப்பது. மூன்று, பொய் சொல்வது.’ எல்லாம் பேனா.

“மூணாவது எப்டி சார் தெரியும்?”

“டீ எப்டி இருக்குதுன்னு உன்னக் கேட்டேன். நல்லா இல்லன்னு சொன்ன. போட்டது நீ.”

அந்த வருடம் கம்பெனிக்கு ஒரு பெரிய வேலை வந்தது. வெளிநாட்டு போன் கம்பெனி. ஹைப்பர்வைசர் என்று ஒன்று செய்து தர வேண்டும். அந்தப் பேர் என் வாயில் நுழைய மூன்று நாள் ஆயிற்று. அதைப் பற்றிப் புத்தகம் எழுதுவது சாரின் பொறுப்பு. அந்த போனில் பாங்க் வேலையெல்லாம் செய்யப் போகிறார்கள். அதனால் பாதுகாப்பைச் சோதிக்கிறவர்கள் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்ட காகிதப் புத்தகம்தான் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் இருப்பதை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாமாம்.

சாருக்கு ஒரு முறை உண்டு. ஒரு பக்கம் எழுதியதும் என்னை ஸ்டூலில் உட்கார வைப்பார். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்வார். நான் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போடுவார். தப்பாகச் சொன்னால் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார். பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுவார். தப்பு எழுதினவன் மேல்தான் என்பார். இஞ்சினீயரிங் படித்த பையன்கள் என் தலை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். “அண்ணே, இன்னைக்கு எத்தினி பக்கம் பாஸு?” என்று கேட்டு வாரிக்கொண்டே இருப்பார்கள். பதினேழாம் பக்கம் ஒன்பது முறை போயிற்று. ஒன்பதாவது முறை கடகடவென்று சொன்னேன். சார் பேனாவைத் திறந்தார். புரியவில்லை, மனப்பாடம் ஆகிவிட்டது என்றேன். பேனாவை மூடினார். பத்தாவது முறை எழுதினார்.

ஹைப்பர்வைசர் என்றால் என்ன என்று அவர் எனக்குச் சொன்னது சாவிக் கொத்தை வைத்து. கொட்டகையில் மூன்று கம்பெனி. மூன்று பேரும் இடம் தங்களுடையது என்று நினைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஒருவர் அறைக்குள் இன்னொருவர் போக முடியாது. ஏன் முடியாது? மூன்று கம்பெனிச் சாவியையும் கொட்டகை முதலாளி என்னிடம்தான் விட்டிருக்கிறார். காலையில் திறப்பவன் நான். மூடுபவன் நான். நான் ஒருவன் இருப்பதே அவர்களுக்கு நினைவில் இருக்காது. போனிலும் அப்படித்தான். ஒரு அறையில் விளையாட்டு, பாட்டு, பேச்சு. இன்னொரு அறையில் பாங்க் ரகசியம். இரண்டுக்கும் அடியில் சாவியோடு இது உட்கார்ந்திருக்கும்.

“அப்ப நான்தான் சார் அது.”

“நீதான். மேல இருக்கறவன் தப்பு செஞ்சா நீ புடிச்சிடலாம். அடியில இருக்கற நீ பொய் சொன்னா, மேல இருக்கறவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.”

நான் திருப்பிச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

அவர் ஏன் இப்படி என்று ஒரே ஒரு முறை சொன்னார். இதற்கு முன் ஒரு பிரஸ் மெஷினுக்குப் புத்தகம் எழுதினாராம். தகடு வெட்டும் மெஷின். முன்பக்கக் கதவைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். பக்கத்துக் கதவைத் திறந்தால் நிற்காது. அதை ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். புத்தகம் தடிமனாக இருக்கிறது என்று அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு ஆள் பக்கத்துக் கதவைத் திறந்து கை விட்டான். சொல்லிவிட்டு சார் என் கையைப் பார்த்தார். நான் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அது வேறு மெஷின், வேறு கம்பெனி என்றேன். தெரியும் என்றார்.

நாற்பத்தொன்றாம் பக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எல்லா போனிலும் கேமரா வரத் தொடங்கியிருந்தது. போனில் இருப்பது எல்லாம் அடியில் இருப்பவனைக் கேட்டுத்தான் எங்கேயும் போகும். கேமரா மட்டும் கேட்காது. எடுத்த படத்தை அது எங்கே வேண்டுமானாலும் நேராகக் கொண்டுபோய்ப் போடும். பையன்களில் இரண்டு பேர் இதைக் கண்டுபிடித்து சாரிடம் சொல்லியிருந்தார்கள். சார் எனக்குச் சொல்லி முடித்தார். நான் திருப்பிச் சொன்னேன்.

“கேமரா மேனேஜர் மச்சான் மாரி சார். யாரையும் கேக்காம பின்பக்கமாப் பூந்து போவுது. ரகசிய ரூமுக்குள்ளயும் பூந்துடும்.”

“யாரு தடுப்பா?”

“யாராலயும் முடியாது சார். சிப்பு செஞ்சவன் அங்க கதவே வெக்கல.”

ஒரே தடவையில் பாஸ். சார் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பக்கத்தில் பென்சில் இல்லை. முழுக்கப் பேனாக் குறை.

புத்தகம் நூற்று எண்பத்து மூன்று பக்கத்தில் முடிந்தது. அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் சார் திரும்பக் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் படித்தார். நாற்பத்தொன்றில் நின்றார். சாரைக் கூப்பிட்டார். நான் டீ கொண்டு போனேன். மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. அதையும் எழுத வேண்டும். இருபத்திரண்டு பேருக்கு வேலை கொடுத்தவர். இந்தப் பக்கத்தோடு புத்தகம் போனால் போன் கம்பெனி வேலையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், வேறு வேலை கையில் இல்லை, ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான் என்றார். சத்தம் போடவில்லை.

“அது சிப்பு செஞ்சவன் தப்புதானே. நாம ஏன் சொல்லணும்?”

“நம்ம தப்புன்னு எழுதல சார். நம்மால முடியாதுன்னுதான் எழுதியிருக்கேன்.”

“எடுத்துடுங்க.”

“முடியாது சார்.”

அன்றைக்குத்தான் அந்தப் பெயருக்கு முழு அர்த்தம் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் போன பிறகு மேனேஜர் என்னை இருக்கச் சொன்னார். புத்தகம் இன்னும் பைண்டிங் ஆகவில்லை. தாள் தாளாக இருந்தது. நாற்பத்தொன்றை அவரே உருவினார். மடித்து மேஜை டிராயரில் வைத்தார். முடிந்தது என்றார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று புரட்டினார். பன்னிரண்டாம் பக்கத்தில் ‘நாற்பத்தொன்றைப் பார்க்கவும்’ என்று இருந்தது. பன்னிரண்டை எடுத்தோம். பன்னிரண்டைப் பார்க்கச் சொல்லி ஏழு பக்கத்தில் இருந்தது. ஏழையும் எடுத்தோம். அந்த ஏழைப் பார்க்கச் சொல்லி எங்கெங்கோ இருந்தது. மேனேஜர் படிப்பார், எண் சொல்வார், நான் உருவுவேன். சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு பனியனோடு உட்கார்ந்தார். நாற்காலி சாயவில்லை. அதில் கவனமாக இருந்தார். வெயில் சாயும் நேரத்துக்கு எடுத்தது நூற்று எண்பது தாள். மேஜையில் மிச்சம் இருந்தது மூன்று தாள். அட்டை. ‘இந்தப் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது’ என்று எழுதிய ஒரு தாள். நன்றிப் பக்கம்.

மேனேஜர் நன்றிப் பக்கத்தைப் படித்தார்.

“நாப்பத்தொண்ணாம் பக்கத்துக் குறையக் கண்டுபுடிச்ச ரெண்டு பேருக்கு நன்றி சொல்லிக்கீறான்யா.”

அதையும் உருவவா என்று கேட்டேன். அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். நூற்று எண்பத்து மூன்றையும் திரும்ப அடுக்க எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

திங்கட்கிழமை காலையில் அவருக்கு யோசனை வந்துவிட்டது. பக்கத்தை எடுக்க வேண்டாம். நாற்பத்தொன்று நாற்பத்தொன்றாகவே இருக்கட்டும். உள்ளே இருப்பது மட்டும் மாறட்டும். ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார். எனக்கு ஆங்கிலம் வராது. ஆனால் கண் இருக்கிறது. பழைய பக்கம் மேலிருந்து கீழ் வரை எழுத்தாக இருந்தது. இதில் அதே தலைப்பு. அதன் கீழே ஒரு வரி.

“இன்னா சார் போட்டுக்கீது?”

“இதனால் முடியாதவை, எதுவும் இல்லன்னு.”

எட்டுப் பக்கத்தில் மை இழுசிவிட்டது, திரும்ப அச்செடுத்திருக்கிறது என்று சாரிடம் சொல்லச் சொன்னார். எட்டுத் தாள் கொடுத்தார். ஐந்தாவது அது. நான் கொண்டு போனால்தான் சார் படிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். நான் நின்றேன். மேனேஜர் என் கையைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஷட்டர் மூடினால் நீ எங்கே போவாய் ஏழுமலை என்று கேட்டார். மிரட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். எங்கே போவேன் என்று எனக்குத் தெரியும். ஜன்னலிலிருந்து அந்த மில்லின் புகைபோக்கி தெரிந்தது.

சார் நாஷ்டா டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். தாளை வைத்தேன்.

“எல்லாம் அதே பக்கந்தானே?”

“அதேதான் சார்.”

கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே போட்டார். மழை வரும் போல இருக்கிறது, குடை எப்படி இருக்கிறது என்று கேட்டார். கம்பி துரு பிடித்துவிட்டது என்றேன். பாய் சொன்ன மாதிரியே என்று சந்தோஷப்பட்டார். ஐந்தாவது தாளில் பேனா கொஞ்சம் நின்று எழுதியது. மை வரவில்லை. உதறிவிட்டுப் போட்டார்.

புத்தகம் போயிற்று. போன் கம்பெனிக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மேனேஜர் எல்லோருக்கும் பிரியாணி போட்டார். வாட்ச்மேன் இரண்டு முறை வாங்கினார். சாருக்கு ஒரு சால்வை. சால்வையைப் பிரித்து இது எதற்கு உதவாது என்று மேனேஜரைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பிரியாணியை அட்டைப்பெட்டிக் கம்பெனி நாய்க்கு வைத்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. நல்ல அட்டை போட்டு, புத்தகத்தை அழகாக அச்சடித்து சாருக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். நான்தான் பிரித்துக் கொடுத்தேன். சார் முகர்ந்து பார்த்தார். பிறகு நேராக நாற்பத்தொன்றுக்குப் போனார். அவர் அப்படித்தான் போவார் என்று எனக்குத் தெரியும். நான் சாவிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்து வந்தார். புத்தகம் கையில் திறந்திருந்தது.

“இது நீ கொண்டாந்ததா ஏழுமலை?”

“ஆமா சார்.”

“தெரிஞ்சா?”

“தெரிஞ்சுதான் சார்.”

அந்தப் பக்கம் வால்வு தட்டும் சத்தம். சார் என் கையைப் பார்த்தார்.

“டீ இருக்குதா?”

ஊற்றிக் கொடுத்தேன். பதினொன்று தாண்டியிருந்தது. ஆறிப்போயிருந்தது. குடித்தார். போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். சாப்பிடப் போகவில்லை. மூன்று மணிக்குக் கூப்பிட்டார். ஒரு கவர். போன் கம்பெனிக்காரர்களின் விலாசம். ரிஜிஸ்டர் தபாலில் போடச் சொன்னார். கவர் ஒட்டாமல் இருந்தது. உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னார். பழைய நாற்பத்தொன்றை அப்படியே திரும்ப எழுதியிருக்கிறேன் என்றார்.

“நானா சார் கொண்டு போவணும்?”

“தபால் உன் வேலதானே.”

மழை தூறியது. குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் காற்று அடித்தது. குடை திரும்பிக்கொண்டது. கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஒட்டாத கவர். ஒரு சாக்கடை போதும். மழையில் நனைந்துவிட்டது என்று சொன்னாலும் போதும். அவர் நம்புவார். அதுதான் என்னை நடக்க வைத்தது. நான் வேகமாக நடக்க முடியாதவன் என்று எழுதியிருக்கிறார். அன்றைக்கு வேகமாகத்தான் நடந்தேன். தபாலாபீஸில் பசை வாங்கி என் கையாலேயே ஒட்டினேன். மூன்று விரலால் ஒட்டினேன். ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன்.

ரசீதைக் கொடுத்தேன். பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார். சாவியை மாட்டப் பெட்டியைத் திறந்தேன். என் காகிதத்தில் ஒரு மாற்றம் இருந்தது. ‘மூன்று, பொய் சொல்வது’ என்பதற்குப் பக்கத்தில் புதிதாக மூன்று வார்த்தை.

‘ஒரு தடவை தவிர.’

கண்ணாடி போடாத கண். மழைத்தண்ணீர் வேறு. சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது. பிய்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் போன் கம்பெனி வேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டது. ஷட்டர் மூடினார்கள். மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்து, யாரால் இது என்று கேட்டார். தன் பெயர் வெளியே வராமல் இருக்க அவருக்கு வேறு வழி இல்லை. என்னைப் பார்க்காமல் கேட்டார். சார் எழுந்தார். கையெழுத்து என்னுடையது, படிக்காமல் போட்டேன், பிறகு படித்தேன், கடிதம் எழுதினேன் என்றார். என் பெயர் வரவில்லை. நானும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். பையன்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். கடைசி நாள் அவர் மேஜையில் யாரோ ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். ‘இவரால் முடியாதவை: வாயை மூடிக்கொண்டிருப்பது.’ சார் படித்தார். சரிதான் என்று டிக் போட்டார். கீழே கையெழுத்தும் போட்டார். வாட்ச்மேன் மட்டும் கேட் வரைக்கும் வந்து, நான் இனி எங்கே நைனா தூங்குவேன் என்று கேட்டார்.

நான் மில்லுக்குத் திரும்பிப் போனேன். இருக்கிற விரல்களைப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து மீஞ்சூரில் சார் போய்விட்டார் என்று செய்தி வந்தது. மாரடைப்பு. கம்பெனி மூடிய பிறகு அவருக்கு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை என்றார்கள். ரயிலில் போனேன். கம்பெனியிலிருந்து வந்தது நானும் வாட்ச்மேனும்தான். சாரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கரண்ட் போனாலும் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். நாங்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. அனல் மின்நிலையத்துக்குப் பக்கத்து ஊர். அரை மணியில் பெட்டிக்கடியில் தண்ணீர் கசிந்தது. பெட்டி கொண்டுவந்த ஆள் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து போனேன்.

“தம்பி, இது எதுக்கு ஒதவாது?”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். வாட்ச்மேன் சிரித்துவிட்டார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சாரின் மனைவி கூப்பிட்டு நீங்கதான் ஏழுமலையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“எது எழுதினாலும் ஏழுமலைக்குப் புரிஞ்சா போதும்னு சொல்லிக்கினே இருப்பாரு. கடைசி வரைக்கும்.”

ஸ்டூலில் ஆட்டுவது போலத் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தேன். ரேஷன் கார்டு வைக்கும் தகரப் பெட்டியில் அந்தக் காகிதம் இருந்தது. பிய்த்த நாளிலிருந்து பிரிக்கவில்லை. பிரித்தேன். இப்போது கண்ணாடி இருக்கிறது. ஆங்கிலம், வேகமாக நடப்பது, பொய் சொல்வது எல்லாம் பேனா. மை கொஞ்சம் ஊறியிருந்தது. கடைசி மூன்று வார்த்தை ஊறவில்லை. அது மட்டும் பென்சில்.

என் மகள் ஜியாமெட்ரி பாக்ஸில் ரப்பர் இருந்தது. எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். அழித்தால் அவர் கையெழுத்தில் மூன்று வார்த்தை குறைந்துவிடும்.